ரிசர்வ்

முதலில் வண்டியைக் கீழே போட்டேன்.
வேண்டுமென்றேதான்.
தண்ணீர் வற்றிய ஊருணிக்குள், காலை ஐந்தரைக்கு,
செம்மண்மேல் பழைய சாக்கை விரித்து
இடப்பக்கமாக மெல்லச் சாய்த்துவிட்டு
எதிரே நின்று பார்த்தேன்.
படுத்த எருமைக்கு இருக்கும் நிம்மதி
அதற்கும் இருந்தது.

பின்சீட்டில் வருவதாக இருந்தவள் குமுதவல்லி.
ஒன்றரை வருஷம் வரைபடத்தில் கோடு போட்டோம்.
மகளுக்கு நீட் கோச்சிங், மாமனாருக்குக் கண் ஆபரேஷன்,
"அடுத்த வருஷம் கட்டாயம்டி" என்று
தன் பங்குக்கு வாங்கிய காற்றடிக்கும் பம்பை
மஞ்சள் பையில் போட்டு
கழனிவாசல் வளைவில் கையில் கொடுத்தாள்.
பின்னால் டவுன் பஸ் ஹாரன்.
கோபப்படக்கூட நேரமில்லை.

ஆகவே தூக்கிவிட ஆளில்லை.
சீட்டுக்கு முதுகைக் கொடுத்து
ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கம்பியில்,
குதிகாலால் மண்ணை உந்தி
முதல் நாள் முழங்கால் நடுங்கியதுதான் மிச்சம்.
இரண்டாம் நாள் ஒரு சாண் எழுந்து மறுபடி படுத்தது.
மூன்றாம் நாள் மாதவிடாய், போகவில்லை.
நான்காம் நாள்
ஆடு ஓட்டி வந்த அடைக்கலம் கம்பை ஊன்றி நின்று
"பிடிக்கவாக்கா?" என்றான்.
"பிடிக்காதே" என்ற கடுப்பிலேயே
வண்டி எழுந்துவிட்டது.
ஆடுகளெல்லாம் தலை நிமிர்ந்து பார்த்தன
என்று எழுத ஆசை.
மேய்ந்துகொண்டுதான் இருந்தன.

அப்புறம் டயரில் ஆணி.
அதையும் நானே அடித்தேன்.
நல்ல டியூபில் ஓட்டை போடுகிற பொம்பளையை
சேவுகன் அன்றைக்குத்தான் பார்க்கிறான்.
பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு
டீயை ஆறவிட்டுச் சிரித்தான்.
லீவர் நழுவிக் கட்டைவிரல் நகம் கருத்தது.
ஒரு மணி இருபது நிமிஷம். மறுநாள் ஐம்பது.
அதற்கும் மறுநாள் சிரிக்காமல்
தன் லீவரை எடுத்துக் கொடுத்தான்:
"இது வளையாது. திரும்பி வந்து குடுங்க."
கிளட்ச் கேபிளுக்கு ஒட்டினாற்போல
புதுக் கேபிள் ஒன்றை ஓட்டி டேப் சுற்றினான்.
அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதுமாம்.

எங்கே என்றவர்களுக்கு
புஜ், அதற்கு அப்பால் உப்பு வெளி.
ஏன் என்றவர்களுக்குப் பதில் மாறியது.
மேனேஜரிடம் வேண்டுதல்.
அம்மாவிடம் ஆபீஸ் பயிற்சி, அதுவும் ரயிலில்.
மளிகைக்கடை சோலையிடம்தான்
உள்ளதைச் சொல்ல வேண்டியிருந்தது;
அவர் கடைத் தராசில்தான் பைகளை நிறுத்தேன்.
இடப்பை ஏழு கிலோ நானூறு.
வலப்பை ஆறு நூறு.
"உப்பைப் பாக்கவா அம்புட்டுத் தூரம்?
இந்தா" என்று ஒரு கிலோ கல்லுப்பை
வலப்பைக்குள் போட்டார்.
மிச்ச முந்நூறு கிராமுக்கு மனகோலம்.
அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்.

கடைசியாகப் பெட்ரோல்.
ரிசர்வுக்குத் திருப்பிய பிறகு
எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று
புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது.
எனக்கு என் வண்டியின் எண் வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை ரஸ்தாவில்
இன்ஜின் இருமியது. குழாயைத் திருப்பினேன்.
பள்ளத்தூர், கானாடுகாத்தான்,
பூட்டிய வீடுகளின் முடியாத பின்சுவர்கள்,
திரும்பி, மறுபடி திரும்பி,
புதுவயலுக்கு இந்தப் பக்கம் நின்றது.
நாற்பத்தொன்று.

தள்ளிக்கொண்டு போகையில்
அரிசி ஆலை வாசலில் ஒருத்தர்,
"எங்கம்மா போகணும்?"
"எங்கயும் இல்லண்ணே.
எதுவரைக்கும் போகும்னு பாத்தேன்."
கொஞ்சம் யோசித்துவிட்டு
பங்க் இருக்கும் திசையைக் காட்டினார்.
இரண்டு கிலோமீட்டர்.
வியர்வை கண்ணுக்குள் இறங்க
நாற்பத்தொன்று நாற்பத்தொன்று என்று
சொல்லிக்கொண்டே தள்ளினேன்.
வட்டிக்கணக்குக்குப் பேர்போன சீமையில்
என் கைமுதல் எவ்வளவு என்று
எனக்கு இப்போது தெரியும்.

நாளைக் காலை நாலரை.
குமுதத்தின் பம்ப் எந்தப் பையிலும் கொள்ளவில்லை.
பின்சீட்டில் குறுக்காகக் கட்டியிருக்கிறேன்.
அது மட்டும் லொடலொடக்கிறது.
இரண்டு தடவை இறுக்கிவிட்டேன்.